பெண் பார்க்க வந்த நாளும் வெண்டைக்காய்த் தண்ணீரும்

எங்கள் வீட்டில் வெண்டைக்காய் குடிக்கப்படுகிறது. மற்ற வீடுகளில் அதை வட்டமாக நறுக்கிப் பொரிப்பார்கள், மாசிக் கருவாட்டுத் தூள் போட்டுத் தேங்காய்ப்பாலில் கறியாக்குவார்கள், குழம்பில் முழுசாக மிதக்கவிடுவார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படி நாகரிகமாக வாழ்ந்தவர்கள்தான். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று தெரியவந்த நாளிலிருந்து வெண்டைக்காய் எங்கள் குசினியில் கறிகளின் வரிசையை விட்டு மருந்துகளின் வரிசைக்குப் பதவி உயர்வு பெற்றுவிட்டது.

செய்முறை எளிது. பிஞ்சாக நாலைந்து காய். காம்பையும் நுனியையும் வெட்டி, நடுவில் கீறி, ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு, மேலே ஒரு சோசரைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். விடியும்போது தண்ணீர் தண்ணீராக இருக்காது. காயை எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். குடிப்பது என்பது மரியாதைக்குச் சொல்வது. அது மிடறு மிடறாக இறங்குகிற சாமான் அல்ல. முதல் மிடறு தொண்டைக்குள் போனதும் மீதி, கிளாஸின் விளிம்பைத் தாண்டித் தானாகவே அதன் பின்னால் வரும். பாதியில் நிறுத்தலாம் என்று ஒருநாள் முயன்று பார்த்தேன். வாய்க்கும் கிளாஸுக்கும் இடையில் ஒரு பாலம் தொங்கியது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வேலிக்கு அப்பாலிருந்து "மாஸ்டர், சனீபத?" என்று சுகம் விசாரித்தார். வாயைத் திறக்க முடியாததால் தலையை மட்டும் ஆட்டினேன். மிகவும் சுகமாக இருக்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

சிறு வயதில் வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வரும் என்றார்கள். நான் நிறையச் சாப்பிட்டேன். கணக்கு வரவில்லை, தமிழ் வாத்தியார் ஆனேன். நடு வயதில் வெண்டைக்காய் குடித்தால் சீனி போகும் என்கிறார்கள். இந்தக் காய் எனக்கு வரவேண்டியதை வரவழைத்ததுமில்லை, போகவேண்டியதைப் போக்கியதுமில்லை. ஆனாலும் அதன் மேல் வீட்டில் யாருக்கும் நம்பிக்கை குறையவில்லை. கிளினிக் டாக்டரிடம் ஒருமுறை விசாரித்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, "கறியாக்கிச் சாப்பிடுங்க, நல்ல மரக்கறி. குளிசையை மட்டும் விட்டுறாதீங்க" என்று மாத்திரைச் சீட்டை நீட்டினார். இன்னொன்றும் எங்கோ படித்தேன். கரும்புச் சாற்றைக் காய்ச்சி வெல்லம் எடுக்கிறவர்கள், சாற்றில் உள்ள அழுக்கைத் திரட்டி எடுப்பதற்கு வெண்டைத் தண்டை நசுக்கி அதன் கோழையைத்தான் ஊற்றுவார்களாம். அதாவது சீனி உலகத்தில் இந்தச் செடி இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்க்கிறது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "படிச்சது போதும், குடிங்க" என்றாள்.

எங்கள் வீடு கண்டி நகரத்தை விட்டுச் சற்றே மேலேறிய சரிவில் இருக்கிறது. தோட்டம் என்று சொல்ல மண் இல்லை. மண் சரிந்துவிடாமல் கட்டிய மதில் ஓரமாக அரிசிச் சாக்குகளில் மண் நிரப்பி மனைவி வெண்டை நட்டாள். நட்ட கொஞ்ச நாளிலேயே இடுப்பளவு வளர்ந்து, வெளிர் மஞ்சளில் பூத்து, பூவின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கண் காட்டும். அழகான பூ. ஆனால் பறிக்கப் போனால் கை முழுவதும் அரிக்கும். அந்தச் சுணை லேசில் போகாது. காட்டுப் பக்கத்திலிருந்து குரங்குகள் வந்து பிஞ்சுகளைத் தின்றன. எனக்குத் தெரிந்து அந்தக் குரங்குகளில் ஒன்றுக்கும் சீனி வருத்தம் இல்லை.

வருத்தத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. பாடசாலை ஆசிரியர் அறையில் "சீனி வேணாம்" என்று சொல்ல வாய் வராமல் விரதம் என்பேன். வாரத்தில் எல்லா நாளும் ஒரே ஆள் விரதம் இருப்பதைப் பார்த்து, பக்கத்துக் கதிரை ஆசிரியை என்னை மிகப்பெரிய பக்திமான் என்று நினைத்து, திருவிழாவுக்குச் சொற்பொழிவு செய்ய அழைத்தார். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பத்திரிகைக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறவன் நான். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து தங்கள் சீனி அளவைச் சத்தமாக ஒப்பிடுகிறவர்களைக் கிண்டல் செய்து ஒன்று எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு நானே அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெண்டைக்காய்க்கு இந்த இடத்தில் ஒரு பெரிய உபயோகம் உண்டு. குளிசை போடுகிறவன் நோயாளி. வெண்டைக்காய் குடிக்கிறவன் உடம்பைக் கவனிக்கிறவன். இரண்டையும் செய்துவிட்டு இரண்டாவதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும்.

இப்படி வழவழவென்று காலம் போய்க்கொண்டிருந்தபோதுதான் மகளுக்குச் சம்பந்தம் வந்தது. வந்தது என்று சொல்வதும் மரியாதைக்குத்தான். அவளும் அந்தப் பையனும் ஒரே வங்கியில் வேலை. இரண்டு பேரும் முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு பெரியவர்கள் முடிவு செய்கிற மாதிரி ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். பையன் கம்பளை. தகப்பன் இல்லை. தாய்தான் கடையையும் வீட்டையும் நடத்துகிறார். எல்லாம் பொருத்தம். ஒரே ஒரு விஷயத்தை மகள் என்னிடம் சொல்லாமல் தாயிடம் சொன்னாள். தாய் என்னிடம் சொல்லாமல் தன் அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் நேரே என்னிடம் வந்து சொன்னார்.

"மச்சான், பையனோட அப்பா சீனியில போனவரு. மொதல்ல விரலு, பிறகு பாதம், பிறகு முழங்காலு வரைக்கும் எடுத்தாங்களாம். அந்தம்மாதான் கடைசி வரைக்கும் பார்த்திருக்கு. இன்னொரு சீனி வீட்ல பொண்ணெடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கு."

"ஏன்?"

"ரெண்டு பக்கமும் இருந்தா பொறக்கிற பிள்ளைக்கு என்னாகும்னு கேக்குது. நியாயந்தானே?"

நியாயம்தான். அதனால்தான் மச்சான் அதை மறைப்பது என்று முடிவு செய்தார். அநியாயமான காரணமாக இருந்தால் எதிர்த்து வாதாடியிருக்கலாம்.

பையனுக்கு என் விஷயம் தெரியும். மகள் சொல்லியிருக்கிறாள். "அம்மாகிட்ட நான் மெதுவா சொல்லிக்கிறேன், இப்ப வேணாம்" என்றானாம். ஆக, தெரிய வேண்டிய ஒரே ஆளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த இரகசியமாக அது இருந்தது. மகள் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவள் வேலைக்குப் போகும்போது என் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். அந்தப் பிசுக்கு லேசில் போகாது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் தேய்க்க வேண்டும்.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் மச்சான் வீட்டைச் சோதனை போட்டார். குளிசை, கிளினிக் அட்டை, விரலில் குத்திப் பார்க்கிற மெஷின், நான் வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்பு, சீனி இல்லாத பிஸ்கட், எல்லாவற்றையும் பொறுக்கினார். என் நோய் முழுவதும் ஒரு துணிக்கடைப் பைக்குள் அடங்கியது. அதை அலுமாரிக்கு மேலே தள்ளிவிட்டுப் பின்பக்கம் போனவர், மதிலோரம் நின்ற செடிகளைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"இவ்ளோ வெண்டக்கா எதுக்குன்னு கேட்டா?"

"கறிக்குன்னு சொல்லுவோம்ணே" என்றாள் மனைவி.

"என்ன, வருசம் பூரா கல்யாண வீட்டுக்கா சமைக்கிற? பிடுங்கிப் போடு."

"பூத்திருக்கு. பிடுங்க மாட்டேன்."

இறுதியில் சமாதானம் ஏற்பட்டது. சாக்குகளை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி, குளியலறைக்குப் பின்னால் நானும் மச்சானும் அடுக்கினோம். அன்று மாலை முழுவதும் இரண்டு பேரும் சொறிந்துகொண்டிருந்தோம்.

"நாளைக்கு நீங்க அவங்க முன்னால கேசரி சாப்பிடணும்" என்றார் மச்சான், முழங்கையைச் சொறிந்தபடி. "டீக்குச் சீனி போடணும். சீனி வேணாங்கிற ஆளைப் பார்த்தா அந்தம்மாவுக்கு ஒடனே வெளங்கிரும்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கேசரி, லட்டு, சீனி போட்ட தேநீர் எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போகப் போகின்றன. அவை வருவதற்கு முன்பே இடத்தைக் காலி செய்து வைத்துவிட்டால் என்ன? விருந்தாளிக்கு முன் வீட்டைக் கூட்டுவதில்லையா? காலையில் ஒரு கிளாஸுக்குப் பதிலாக இரண்டு கிளாஸ் வெண்டைக்காய்த் தண்ணீர் குடித்தேன். மச்சான் பார்க்காத நேரம் கதிரையில் ஏறி அலுமாரி மேலிருந்த பையைத் துழாவி, ஒரு குளிசைக்குப் பதிலாக இரண்டு போட்டேன். காலைச் சாப்பாட்டை வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியில் எந்த டாக்டரும் இப்படிச் சொல்லமாட்டார். நானும் யாரிடமும் கேட்கவில்லை. எப்படியும் பத்து மணிக்கு வந்துவிடுவார்கள், வந்ததும் இனிப்பு உள்ளே போய்விடும் என்பது கணக்கு. எனக்குக் கணக்கு வராது என்பதை ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

பத்து மணிக்கு மழை வந்தது. அவர்கள் வரவில்லை. கெலிஓயாவில் வேன் டயர் போய்விட்டது என்று போன் வந்தது. பிறகு பேராதனையில் வாகன நெரிசல் என்று வந்தது. குசினியில் கேசரி தட்டில் தட்டையாகப் பரப்பி, மேலே முந்திரிப் பருப்பால் பூப் போட்டு வைத்திருந்தது. வடை, முறுக்கு, லட்டு எல்லாம் மூடியிருந்தன. பெண் பார்க்க வருகிறவர்களுக்கென்று வைத்ததில் அவர்களுக்கு முன்னால் கை வைப்பது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். சோறும் ஆக்கவில்லை. பேச்சு முடிவாகும்வரை அவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள், தேநீரும் பலகாரமும்தான். அவர்களுக்கு இல்லாத சோற்றை நாம் மட்டும் ஆக்கி மணக்கவிடுவது அழகில்லை என்று மனைவி அடுப்பைத் துடைத்து வைத்திருந்தாள்.

"ஒரு வடை தாவேன்" என்றேன்.

"இப்ப வந்துருவாங்க. எண்ணெய் வாயோட வாசல்ல நிக்கப் போறீங்களா?"

நின்றேன். உதடு மரத்துப் போன மாதிரி இருந்தது. பதற்றம் என்று நினைத்தேன். பெண்ணைப் பெற்றவனுக்கு அது இருக்க வேண்டியதுதானே.

வேன் வரும்போது நடுப்பகல் தாண்டியிருந்தது. பையனின் அம்மா, பையன், தாய்மாமன் ஒருவர். அம்மா வெள்ளைக் கரை போட்ட சாம்பல் நிறச் சேலை. வாசலில் நின்று தன் குடையைத் தானே உதறி, மூலையில் சாத்தி வைத்தார். "மன்னிக்கணும், ரொம்ப நேரம் காக்க வச்சிட்டோம்" என்றார். எனக்குப் பிடித்துப்போனது. இவரைத்தான் ஏமாற்றப் போகிறோம் என்ற நினைப்பு அடுத்த நொடியே வந்தது.

உட்கார்ந்தோம். மச்சான் மழையைப் பற்றிப் பேசினார். தாய்மாமன் வீதியைப் பற்றிப் பேசினார். எங்கள் ஆட்களிடம் பலகாரத்தை உடனே கொண்டுவரும் வழக்கம் இல்லை. அதற்காகவே வந்தார்கள் என்று ஆகிவிடும். கொஞ்சம் பேச்சு ஓட வேண்டும். ஓடியது. எனக்கு அது வெகு தூரத்தில் ஓடுவது போல் கேட்டது. மகள் வந்து கும்பிட்டுவிட்டு, அந்த அம்மா கையைப் பிடித்து அருகில் இருத்திக்கொள்ள, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை, படிப்பு, சமையல் என்று இரண்டொரு கேள்விகள். பிறகு அந்த அம்மா குரலைச் சற்றே தாழ்த்திக் கேட்டார். தாழ்த்தினாலும் எனக்குக் கேட்டது.

"ஒன்னு கேட்டா தப்பா நினைக்கக் கூடாது, மகள். எங்க வீட்டுக் கதை ஒனக்குத் தெரியுந்தானே. அப்பாவுக்கு, அம்மாவுக்கு சீனி, பிரசர் எதுவும் இருக்காம்மா?"

மச்சான் வாயைத் திறந்தார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல ஆன்ட்டி" என்றாள் என் மகள். "அப்படி ஒன்னும் இல்ல."

நான் சிரிப்பு எழுதுகிறவன். எந்தச் சங்கடத்துக்குள்ளும் ஒரு வேடிக்கையைத் தேடிப் பிடித்துக்கொள்வது என் பிழைப்பு. அந்த இடத்தில் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பொய் சொன்னால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காது சிவக்கும். காது சிவந்திருந்தது. அது என் பொய். அவள் எனக்காகத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"இல்லம்மா" என்று சொல்ல எழுந்தேன். உண்மையைச் சொல்லத்தான் எழுந்தேன் என்று பின்னால் பல தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது நிச்சயமில்லை. எழுந்தது மட்டும் நிச்சயம். எழுந்ததும் சுவர் சரிந்தது. நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. கதிரையைப் பிடிக்கப் போய், நடு மேசை விரிப்பைப் பிடித்தேன். பூச்சாடி விழுந்தது.

"ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல" என்றார் மச்சான். "நேத்திலேர்ந்து வயிறு சரியில்ல அவருக்கு."

அந்த அம்மா எழுந்து வந்துவிட்டார். என் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சீனி எடுங்க" என்றார் என் மனைவியைப் பார்த்து. "டீக்கு வச்சிருப்பீங்களே. சீக்கிரம்."

"இல்லீங்க, வயிறுதான்…" என்றார் மச்சான் மறுபடியும்.

"தம்பி, இந்த வேர்வைய நான் வருசக்கணக்கா தொடச்சிருக்கேன்."

மனைவி சீனிப் போத்தலோடு ஓடி வந்தாள். அந்த அம்மா என்னைக் கதிரையில் சாய்த்து, உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, வேறு வழியில்லாமல் தன் விரலாலேயே என் கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் வைத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் தகப்பன் வாய்க்குள் விரலை விட்டுச் சீனி ஊட்ட வேண்டிவந்த ஒரு சம்பந்தியம்மாவை இந்தக் கண்டி மாவட்டம் இதற்கு முன் கண்டிருக்குமா என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மயக்கத்தில் மூடியது பாதி.

கொஞ்ச நேரத்தில் சுவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பின. அவர் இன்னும் பக்கத்தில்தான் நின்றார். கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு காலமா?"

"மூனு வருசம் இருக்கும்" என்றேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"வெண்டைக்காய்த் தண்ணி. ரெண்டு கிளாஸ்."

"வேற?"

"குளிசை. ரெண்டு."

"வேற?"

வேறொன்றும் இல்லை. ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் முன்னால் கேசரி சாப்பிட்டுக் காட்டுவதற்காக என்று சொன்னபோது, தாய்மாமன் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். அவர் ஒருவராவது சிரித்தாரே என்று ஒரு கணம் நன்றியாக இருந்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் குடிச்சாரு" என்றார். "ஒரு நாள் தவறாம. தண்ணி குடிக்கிறேனே, பிறகெதுக்கு குளிசைன்னு அத விட்டாரு. கால் புண்ண காட்டவே மாட்டாரு. சாரத்த இழுத்து விட்டு மறைச்சிக்குவாரு." பிறகு என் மனைவியிடம், "சீனி மட்டும் பத்தாது, ஒடம்புச் சீனி திரும்ப எறங்கும். ஒடனே கொஞ்சம் சோறு குடுங்க" என்றார்.

மனைவி குசினி வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சோறு ஆக்கலீங்க" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் எழுதப் போவதில்லை.

பையன் எழுந்தான். அம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி, கீழே சந்திக் கடைக்குப் போய் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி வந்தான். அதைப் பிரித்து என் மடியில் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அதற்குள் மேசைக்கு வந்துவிட்ட, யாரும் தொடாத பலகாரத் தட்டுகளுக்கு நடுவே, மாப்பிள்ளையாகக்கூடும் ஒருவன் நனைந்த சட்டையோடு வாங்கி வந்த கடைச் சோற்றை நான் பிசைந்து சாப்பிட்டேன். நிறுத்த முடியவில்லை. அவ்வளவு பசி. இறைச்சித் துண்டை எலும்போடு கடித்தேன். மகள் என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். அவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.

நான் சாப்பிட்டு முடியும்வரை அந்த அம்மா இருந்தார். தேநீரைக் குடித்தார்; அது மரியாதைக்கு. பலகாரத்தில் ஒரு முறுக்கு முறித்து வைத்தார். புறப்படும்போது என்னிடம் சொன்னார்:

"சீனி இருக்கிறது ஒங்க தப்பில்ல. எங்க வீட்லயும் இருந்திச்சி. ஆனா அந்தப் பிள்ள என் மொகத்தப் பார்த்து இல்லைன்னு சொல்லிச்சி. ஒங்களுக்காகச் சொல்லிச்சி. அத எப்படி கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

நான் அவருடைய குடையை எடுத்து நீட்டினேன். மச்சான் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் போன பிறகு மகள் தட்டுகளைக் குசினிக்குள் எடுத்துப் போனாள். நான் பின்னால் போனேன். ஏதாவது சொல்ல வேண்டும். எனக்கு வந்தது ஒரு வேடிக்கைதான். "கேசரி தப்பிச்சிருச்சி" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அவங்க என் கைய பிடிச்சிக்கிட்டு கேட்டாங்க" என்றாள். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் தேவைக்கு மட்டும் பேசினோம்.

ஒரு வாரத்துக்கும் மேலாகக் கம்பளையிலிருந்து சத்தமில்லை. மகள் வேலைக்குப் போனாள், வந்தாள். போன் அடிக்கும்போதெல்லாம் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள். யாராவது என்னிடம் கட்டுரை கேட்டிருப்பார்கள். கடைசியில் பையன் வழியாகச் செய்தி வந்தது. அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியில் விசாரித்ததை நம்பி, நோய் நொடி இல்லாத குடும்பம் என்று அவர் தன் சொந்தக்காரர்களிடம் ஏற்கனவே சொல்லிவிட்டார். இப்போது அவர் வாயால் மாற்றிச் சொல்ல மாட்டார். அவர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். நான் வந்து, என் வாயால், அவர்கள் முன் சொல்ல வேண்டும். பிறகு மற்றதைப் பேசலாம்.

"இது நம்மள கூப்பிட்டு அவமானப்படுத்துற வேல" என்றார் மச்சான் போனில். "போகாதீங்க."

மகள் என்னைப் போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் மேசையில் ஒரு தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். பேச்சைத் தயார் செய்தால்தான் எனக்குத் தைரியம் வரும். நன்றாகத்தான் வந்திருந்தது. வெண்டைக்காயையும் கணக்கையும் வைத்து ஓர் ஆரம்பம். சாக்குகளைக் கட்டிப்பிடித்த இடம். துணிக்கடைப் பையில் அடங்கிய நோய். எந்தச் சபையையும் கலகலக்க வைக்கும். மகள் பின்னால் நின்று வாசித்தாள்.

"அங்க சிரிக்க வைக்காதீங்கப்பா" என்றாள்.

"கொஞ்சம் லேசாக்கினா…"

"வேணாம்பா. நீங்க சிரிக்க வச்சிட்டா எல்லாரும் சிரிச்சிட்டுப் போயிருவாங்க. நான் சொன்ன பொய் அப்படியே நிக்கும்."

தாளை மடித்தேன். மறுநாள் மூன்று பேரும் பஸ்ஸில் கம்பளைக்குப் போனோம். கடை வீதிக்குப் பின்னால் வீடு. முன் அறையில் சுவரோரம் முழுக்கக் கதிரைகள் போட்டிருந்தார்கள். சித்தப்பாமார், பெரியம்மாமார், தாய்மாமன், யார் யாரோ. நடுவில் எனக்கு ஒரு கதிரை. நான் உட்காரவில்லை. வகுப்பில் நின்று பழகியவன்.

"எனக்குச் சீனி வருத்தம் இருக்கு" என்றேன். "மூனு வருசமா. அத நான் மறைச்சேன். இவங்க கேட்டப்ப என் மகள் இல்லைன்னு சொன்னது எனக்காக. சொல்ல வச்சது நாங்க பெரியவங்க. பிள்ளைக்கு அப்படிப் பழக்கமில்ல."

சொல்ல இருந்தது இவ்வளவுதான். சிரிப்பு இல்லாமல் பேசினால் என் பேச்சு எவ்வளவு சின்னதாகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு பெரியம்மா பையனின் அம்மாவைப் பார்த்தார். பையனின் அம்மா என் மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனியாமல் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை காது சிவந்திருந்தது எனக்குத்தான்.

"அப்ப பிள்ளைங்க ரெண்டும் கல்யாணத்துக்கு முன்னாலயே போய் ரத்தம் பார்த்துக்கட்டும்" என்றார் பையனின் அம்மா. "என்ன வந்தாலும் மறைக்காம சொல்லட்டும். வைகாசியில வச்சிக்கலாம்." பிறகு உள்ளே திரும்பி, "எலையப் போடுங்க" என்றார்.

பந்தியில் என்னை ஆண்கள் வரிசையில் நடுவில் உட்கார வைத்தார்கள். அவரே பரிமாறினார். என் இலைக்கு வந்ததும், பின்னால் சோற்றுப் பாத்திரத்தோடு வந்த பிள்ளைக்குக் கேட்கும்படி, அதாவது வீடு முழுவதற்கும் கேட்கும்படி, "இவருக்குச் சோறு பாதி. மரக்கறி கூட வை. பாயாசம் வேணாம்" என்றார். எல்லா இலைகளிலிருந்தும் முகங்கள் நிமிர்ந்தன. காது மடலில் சூடு ஏறியது. பாதிச் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எதிர் வரிசையில் தாய்மாமனோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்த ஒரு சித்தப்பா, கடை முதலாளி போல் தோற்றம், குனிந்து இலை ஓரமாகக் கேட்டார். "அண்ணே, அந்த வெண்டக்கா தண்ணி. அது வேல செய்யுதா?"

"தெரியல" என்றேன். "குடிக்கிறேன்."

"ராத்திரிக்கு ஒன்னுக்குப் போக எத்தன தரம் எந்திரிக்கிறீங்க?"

பெண்கள் பக்கம் பேச்சு நின்றது. என் மனைவி சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நாலைந்து நல்ல பதில்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் இந்தப் பந்தியே குலுங்கியிருக்கும்.

"மூனு தரம்" என்றேன். "சில நாள் நாலு."

அவர் தலையாட்டினார். "எனக்கும்" என்றார் மெதுவாக, தன் மனைவி இருந்த பக்கம் பார்க்காமல். அவருடைய இலையில் பாயாசம் இரண்டாம் தரம் விழுந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் பாதிச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தேன்.